பீரோவில் வைத்த பேட்டரி

1

அன்று பத்தமடை வீட்டு முன்னறையில் பெட்டி பிரித்தபோது இருந்தவர்கள்: நான், என் மனைவி செண்பகம், மகள் தர்ஷினி, என் தங்கை இசக்கி, அவள் வீட்டுக்காரர் பேச்சிமுத்து, எதிர்வீட்டுப் பிரமநாயகம் அண்ணாச்சி. ஆறு பேர். வேறு யாரும் இல்லை. பால்காரர் வாசலோடு போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவன் பெட்டியைத் தனியாகப் பிரிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு பேர் பார்க்கப் பிரித்து, அவரவர்க்கு உள்ளதை அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கு எதைக் கொடுத்தான், யாருக்கு எதை ஒளித்தான் என்று பேச்சு கிளம்பும். எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். நாலு பேர் பார்த்ததை நாளைக்கு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்று பேச்சிமுத்துவுக்கு நான் கொடுத்தது ஒரு கார்ட்லெஸ் ட்ரில். வயர் இல்லாமல் பேட்டரியில் ஓடுவது. மிஷின் ஒன்று, சார்ஜர் ஒன்று, பேட்டரி இரண்டு. இரண்டையும் தூக்கிக் காட்டித்தான் கொடுத்தேன். ஆறு பேரும் பார்த்தார்கள்.

இது நடந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்று காலை மஸ்கட்டில் வேலைக்குக் கிளம்பும்போது போனில் ஒரு செய்தி வந்தது. பேச்சிமுத்து என் கணக்கில் முந்நூறு ரூபாய் போட்டிருக்கிறார். சும்மா கொடுத்த மிஷினுக்கு அவர் மாதாமாதம் காசு கட்டுகிறார். வழக்கமாக ஐந்நூறு வரும். இந்த மாதம் முந்நூறு. இருநூறு ஏன் குறைந்தது என்று காலையிலிருந்து மண்டை குடைகிறது. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

இங்கே எனக்கு சமையலறை அலமாரி மாட்டும் வேலை. செண்பகமும் தர்ஷினியும் என்னோடு இங்கேதான் இருக்கிறார்கள். காலையில் வேனில் ஏறினால் சாயந்தரம் வரை சுவரில் ஓட்டை போடுவதும் திருகு முடுக்குவதும்தான். பன்னிரண்டு வருஷமாக ட்ரில்லைப் பிடித்துப் பிடித்து என் வலது கை விரல்கள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் வளைந்தே இருக்கும். பிடித்திருக்கும் மிஷினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஊரிலிருந்து எழுதிக் கேட்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ட்ரில்லை விற்கிறவன் மிஷினில் சம்பாதிப்பதில்லை, பேட்டரியில்தான் சம்பாதிக்கிறான். பேட்டரி செத்துப்போய் புதிதாக ஒன்று வாங்கப் போனால், மிஷின் விலையில் மூன்றில் ஒரு பங்கு கேட்பான். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மிஷினில் சேராது. பேட்டரி மாட்டுகிற காடியை, அந்தப் பள்ளத்தை, மாற்றி வைத்திருப்பார்கள். வேண்டுமென்றே செய்வதுதான். மலிவு மிஷின் பக்கம் போனால் அது வேறு கூத்து. மேலே எண்பத்தெட்டு என்றும் நூற்றிருபத்தெட்டு என்றும் பெரிதாக அச்சடித்திருப்பான். வோல்ட் என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே பிரித்துப் பார்த்தால் ஐந்து செல்தான், இருபத்தொரு வோல்ட்டுக்கு மேல் போகாது. கேட்டால், "வோல்ட் என்று எங்கே எழுதியிருக்கு?" என்பான். எழுதியிருக்காதுதான். நம்பர் மட்டும்தான் இருக்கும்.

அதனால் நான் பேட்டரியைக் கையில் தூக்கிப் பார்க்காமல் வாங்குவதே இல்லை. டூப்ளிகேட் எடை குறைவாக இருக்கும். ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கீறிப் பார்ப்பேன். மூன்று கடை ஏறி இறங்கித்தான் பேச்சிமுத்துவுக்கு வாங்கினேன். எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டு ரியால்.

வாங்கிய பிறகும் நிம்மதி கிடையாது. பேட்டரியைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், முனையில் டேப் ஒட்ட வேண்டும் என்பது விமானக்காரர்கள் சட்டம். டேப் ஒட்டினேன். சோதிக்கிற இடத்தில் ஒருவர் டேப்பைப் பிரித்துப் பார்த்தார். என்ன ஒளித்தேன் என்று நினைத்தாரோ! என் இந்தியில் "இது மரத்துக்கு" என்றேன். "எந்த மரத்துக்கு?" என்றார். அலமாரி மரத்துக்கு என்று சொல்ல வார்த்தை வரவில்லை. தர்ஷினிதான் இங்கிலீஷில் ஏதோ சொல்லி என்னை மீட்டாள். சொல்லிவிட்டு, "அப்பா, நீங்க பேசாம இருந்தாலே விட்டுருவாங்க" என்றாள். அவளுக்கு அப்போது பத்து வயது.

அங்கே என் கையைவிட்டுப் போன பொருள் திரும்ப வரும்போது அதேதானா என்று எப்படித் தெரியும்? அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று ஊருக்குக் கொண்டுபோகிற எல்லாப் பொருளிலும் செண்பகத்தின் நகப்பாலிஷால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுவேன். இரண்டு பேட்டரியின் அடியிலும் வைத்திருந்தேன்.

3

பேச்சிமுத்து மரவேலை செய்கிறவர். பத்தமடையிலிருந்து சேரன்மகாதேவி, வீரவநல்லூர், அந்தப் பக்கம் வள்ளியூர் வரை போவார். கரண்ட் வராத புதுக் கட்டிடத்தில் வேலை என்றால் ட்ரில் இல்லாமல் கையால்தான் முடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் வாங்கிக் கொடுத்தேன். இசக்கி எனக்கு ஒரே தங்கை.

இரண்டு வருஷம் மிஷின் நன்றாக ஓடியது. ஒருநாள் போன் வந்தது.

"மச்சான், மொத பேட்டரி தேஞ்சுபோச்சு. சரி, ரெண்டாவத எடுப்போம்னு எடுத்தேன். ஏத்தினா சார்ஜே ஏற மாட்டேங்கு. செவப்பு லைட்டுதான் மினுக்குது."

"அது புதுசுல்லா மாப்ள?"

"புதுசுதான். ஒரு நாள் கூட போடல."

"ஒரு நாள் கூட போடாதது எப்படிக் கெட்டுப்போகும்?"

"அதான் எனக்கும் தெரியல மச்சான். வாங்கும்போதே அப்படி இருந்திருக்குமோ என்னவோ."

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை அரித்தது. வாங்கும்போதே அப்படி இருந்ததாம்! மூன்று கடை ஏறி, எடை பார்த்து, ஸ்டிக்கரைக் கீறி வாங்கியவன் நான். அப்படியென்றால் கோளாறு அங்கேதான்.

அந்த வாரமே பிரமநாயகம் அண்ணாச்சியிடம் வேறு விஷயமாகப் பேச நேர்ந்தது. வீட்டுத் தீர்வை ரசீது பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டேன். அவர் தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் நேராகச் சொல்ல மாட்டார்.

"பேட்டரி கெட்டுப்போச்சாமே வேலு?"

"ஆமா அண்ணாச்சி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெருவுல பேச்சு. வள்ளியூருல அந்தப் பேட்டரிக்கு நல்ல வெலயாம். நான் ஒண்ணும் சொல்லல வே. வெலயச் சொன்னேன்."

அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. விற்றுவிட்டாரா? விற்றால் கேட்டுவிட்டு விற்கக் கூடாதா? கேட்டால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்? செண்பகத்திடம் சொன்னேன். "கொடுத்தாச்சு, அப்புறம் அது அவங்க பொருளு. வித்தா என்ன, ஆத்துல போட்டா என்ன?" என்றாள். அவளும் ஏன் அவருக்கு ஏந்திப் பேசுகிறாள் என்று தோன்றியது. என் மனசு அப்படி.

4

போன வருஷம் லீவில் போனோம். போனதும் முதல் காரியமாக இசக்கி வீட்டுக்குப் போய் பேட்டரியைக் கொண்டுவரச் சொன்னேன். பேச்சிமுத்து கொண்டுவந்து கையில் கொடுத்தார். பார்க்கிற மாதிரி மெல்ல அடிப்பக்கத்தைத் திருப்பினேன். சிவப்புப் பொட்டு இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விட்டிருப்பார்கள். எனக்குத் தோன்றியது வேறு. வெளிக்கூடு என்னுடையதுதான். உள்ளே இருக்கிற செல்லை உருவிக்கொண்டு பழைய செல்லைப் போட்டு மூடியிருந்தால்? பொட்டு எங்கே போகும்?

"டவுனுக்குப் போய் ஒரு எடத்துல காட்டுவோம் மாப்ள" என்றேன்.

"காட்டுவோம் மச்சான். ரிப்பேர் ஆனா நல்லதுதான். வள்ளியூருல ஒரு இன்ஜினியர் வீட்டுல முழு வேலையும் பேசியிருக்கேன்" என்றார். சந்தோஷமாக வண்டியை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டிருந்தார்கள். வழியெல்லாம் நாற்று நடவு. அவர் வயல் யாருடையது, விலை என்ன போகிறது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினார். பேட்டரிப் பை என் மடியில் இருந்தது. கொடுங்கள் முன்னால் மாட்டிக்கொள்கிறேன் என்று அவர் கேட்டபோதும் நான் கொடுக்கவில்லை.

ஜங்ஷன் பக்கம் ஒரு கடை. பேட்டரி பிரித்துச் செல் மாற்றிக் கொடுப்பார்களாம். கடைக்காரர் வாயில் வெற்றிலை. மேஜை முழுக்கக் கூறு போட்ட மாதிரி பழைய செல்கள். நான் பேட்டரியை நீட்டி, "இதுல உள்ள செல்லை யாராவது மாத்தியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு பேச்சிமுத்துவைப் பார்த்தார். பேச்சிமுத்து அதுவரை கடைப்படியில் ஒரு காலை வைத்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலை எடுத்துக் கீழே வைத்தார்.

"ரிப்பேருக்கா, பஞ்சாயத்துக்கா அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"பாருங்களேன்."

அவர் திருகைத் தொடுவதற்கு முன்பே ஒன்றைக் காட்டினார். திருகுத் தலையில் கம்பெனி முத்திரையாக வைத்த மெழுகு உடையாமல் அப்படியே இருந்தது. பிரித்தார். ஒவ்வொரு செல்லிலும் மீட்டர் முள்ளை வைத்தார். எதிலும் ஒன்றும் காட்டவில்லை.

"யாரும் கை வைக்கல. இது ஓடிச் சாகல அண்ணாச்சி, சும்மா கெடந்தே செத்திருக்கு. பேட்டரின்னா அப்பப்போ எடுத்துச் சார்ஜ் ஏத்தணும். ரெண்டு வருசம் தொடாம வச்சா உள்ளுக்குள்ளயே வடிஞ்சு படுத்துரும். அப்பொறம் கம்பெனி சார்ஜரு அதைத் தொடாது. இதை எங்க வச்சிருந்திய?"

பேச்சிமுத்து சொன்னார்: "பீரோவுல."

"இரும்பு பீரோவா?"

"ஆமா."

"வெயில் படுத செவரோ?"

"மேக்குச் செவரு."

"வெளங்கும்!" என்றார் கடைக்காரர். "செல் மாத்தித் தாரேன், ஆயிரத்து எண்ணூறு ஆவும். புதுச் செல்லு."

அவர் காட்டிய 'புதுச் செல்' பச்சைத் தாளில் சுற்றியிருந்தது. தாள் மட்டும்தான் புதிது என்று என் கண்ணுக்குப் பட்டது. இவன் தன் செல்லை விற்கத்தான் கதை அளக்கிறானோ என்று பேச்சிமுத்துவின் காதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. கூடவே கொண்டுவந்திருந்த தேய்ந்த முதல் பேட்டரியை அவரே தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்து, "இதுக்கு மாத்துங்க" என்றார். காசும் அவரே கொடுத்தார். நான் நீட்டிய நோட்டு என் கையிலேயே இருந்தது.

திரும்பி வரும் வழியில் வயல் பேச்சு இல்லை.

5

வீட்டில் இசக்கி காபி போட்டு வைத்திருந்தாள். செண்பகமும் தர்ஷினியும் அங்கேதான் இருந்தார்கள். அவளிடம் நான்தான் கேட்டேன். அப்போதும் என் மனசு அடங்கவில்லை.

"புதுப் பேட்டரிய எதுக்குட்டி பீரோவுல வச்சுப் பூட்டின?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீதானண்ணே சொன்ன!"

"நானா?"

"பொட்டி பிரிச்ச அன்னைக்கு. 'ஒண்ணைப் போட்டு ஓட்டுங்க, இன்னொண்ணைப் பத்திரமா எடுத்து வையி இசக்கி, அது தேஞ்ச பெறவு எடுத்துக்கிடலாம், ரெண்டையும் போட்டுக் கெடுத்துராதிய'ன்னு சொல்லலியா? மைனி இருந்தாவ. எதுத்த வீட்டு அண்ணாச்சி இருந்தாவ. அத்தனை பேரு முன்னாலதான சொன்ன? பட்டுச்சேலைக்கு நடுவுல வச்சேன் அண்ணே. அந்துருண்ட போட்டு வச்சேன். இவுக ரெண்டு தடவ கேட்டாவ. அண்ணன் சொன்னது சொன்னதுதான்னு நான் குடுக்கல."

செண்பகம் தலையை ஆட்டினாள். தர்ஷினியும், "ஆமாப்பா, யூ செட் தட்" என்றாள்.

ஆறு பேர் சாட்சி என்று நான் நம்பிக்கொண்டிருந்தேனே, அந்த ஆறு பேரும் கேட்டது இதைத்தான்.

நான் சொல்லியிருப்பேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தானே. லீவுக்கு லீவு வந்து திறக்கிற வீட்டில், வாங்கிய நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளோடுதான் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. நிரந்தரமாக வந்த பிறகு பிரிக்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

பேச்சிமுத்து காபியைத் தொடவில்லை. சத்தம் போடவும் இல்லை. போட்டிருந்தால் நானும் போட்டு, அன்றோடு முடிந்திருக்கும்.

"மச்சான், இந்த மிஷினு மொத்தமா என்ன வெல?"

"எதுக்கு மாப்ள அது?"

"பில்லு வச்சிருப்பியளே. சொல்லுங்க."

தர்ஷினிக்கு என்ன தெரியும்? மாமா கணக்குப் பாடம் கேட்கிறார் என்று நினைத்து ஆர்வமாகப் போனை எடுத்தாள். "மாமா, ஃபிப்டி டூ ரியால். இருங்க, நான் பண்ணுறேன்." தட்டினாள். "லெவன் தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபார்ட்டி! கரெக்டா மாமா?" என்று சிரித்தாள்.

"தமிழ்ல சொல்லு தாயி."

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினொன்று என்றாள், அப்புறம் ஆயிரம் என்றாள், நின்றுவிட்டாள். செண்பகம்தான் மெல்லிய குரலில் சொன்னாள்: "பதினோராயிரத்து நானூத்து நாப்பது."

"சரி. மாசம் ஐந்நூறு போட்டுருதேன். சந்தேகப்பட்டவுக குடுத்தத சும்மா வச்சு வேல செஞ்சா எனக்குக் கை ஓடாது மச்சான்."

இசக்கி அழுதாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். மிஷினையும் கொண்டுதான் போனார்.

6

அந்தக் காசு என்னைப் படுத்திய பாடு தனிக்கதை. நான் வெளிநாட்டிலிருந்து அனுப்பும் காசு விழுகிற கணக்கில் உள்ளூர்க் காசு விழக் கூடாதாம். வங்கியில் கூப்பிட்டுக் கேட்டார்கள். மாதம் ஐந்நூறு ரூபாய்க்காக இன்னொரு கணக்குத் திறக்க வேண்டியதாயிற்று. ஃபாரத்தில் 'பணம் வரும் காரணம்' என்று ஒரு கட்டம். என்ன எழுதுவது? வங்கிப் பெண் பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வாடகைன்னு போடட்டுமா சார்?" என்றாள். சரி என்றேன். என் மாப்பிள்ளை எனக்கு எதற்கோ வாடகை கட்டுகிறார்.

ஒரு மாதம் அந்த ஐந்நூறைத் திருப்பி அவருக்கே அனுப்பிப் பார்த்தேன். மறு மாதம் ஆயிரமாக வந்தது. அதன் பிறகு அனுப்பவில்லை. இசக்கி செண்பகத்தோடு பேசுவாள். போனை என்னிடம் கொடுக்கும்போது அவளுக்கு அடுப்பில் வேலை வந்துவிடும். பேச்சிமுத்துவிடமிருந்து காசு வந்த செய்தி மட்டும்தான். கூட ஒரு வார்த்தை இருக்காது. ஆனாலும் மாதம் பிறந்தால் அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பேன். கடன் தீர்ந்துபோனால் அதுவும் வராதே என்று ஒரு பயம் எனக்குள் வந்து உட்கார்ந்து கொஞ்ச நாளாகிறது.

அப்படி இருக்கும்போதுதான் இன்று முந்நூறு.

காலையிலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். வேலை இல்லையோ? ஏணியிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டாரோ? வள்ளியூர் இன்ஜினியர் காசு கொடுக்காமல் ஏமாற்றிவிட்டாரோ? மிஷினையே விற்றுவிட்டாரோ? மத்தியானம் அலமாரிக் கதவைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். கூட வேலை பார்க்கும் வங்காளிப் பையன் பார்த்துவிட்டு, "உஸ்தாத், இன்னிக்கு உங்க பேட்டரி கலாஸ்" என்றான். இங்கே எது தீர்ந்தாலும் கலாஸ்தான்.

இதுவரை நான் எழுதியதைப் படித்துவிட்டுச் செண்பகம் சொன்னாள்: "சந்தேகமா இருந்தா அவுகளையே கேளுங்க. இந்தத் தடவையாவது அடுத்தவுககிட்ட கேக்காம அவுககிட்டயே கேளுங்க."

கூப்பிட்டேன். மூன்று தடவை அடித்து எடுத்தார்.

"மச்சான்."

"மாப்ள… உடம்பு ஒண்ணுமில்லையே?"

"நல்லாத்தான் இருக்கேன். இருநூறு கொறஞ்சதுக்குக் கூப்பிட்டியளாக்கும்?"

"அதுக்கில்ல மாப்ள."

"அதுக்குத்தான். எனக்குத் தெரியாதா!" என்றார். "அந்த ஜங்ஷன் கடைக்காரன் இருக்கான்லா, செல்லு போட்டுத் தந்தானே? படுத்துருச்சு. ரெண்டு மூணு தடவ கொண்டுபோயாச்சு. ஒவ்வொரு தடவையும் இருநூறு புடுங்குதான். இந்த மாசம் கொறஞ்ச இருநூறு அங்கதான் போச்சு. நேத்து நானே பிரிச்சுப் பாத்தேன். பச்சத் தாளைக் கிழிச்சா உள்ள துருப்புடிச்ச பழைய செல்லு மச்சான்!"

"நான் அன்னைக்கே பாத்தேன் மாப்ள! தாளு மட்டும்தான் புதுசு."

"பாத்தியளா? அப்பொறம் ஏன் சொல்லல?"

"அன்னைக்கு நான் சொன்னா நீங்க கேட்டிருப்பியளா?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்கிறேன். "கேட்டிருக்க மாட்டேன். உங்க சந்தேகத்தை எல்லாம் என் மேல எறக்கிட்டு, எறக்க வேண்டிய எடத்துல விட்டுட்டிய பாத்தியளா?"

பிறகு வெகுநேரம் இருவரும் அந்தக் கடைக்காரனைத் திட்டினோம். அவன் வெற்றிலை போடுகிற விதமே சரியில்லை என்று நான் சொன்னேன். மீட்டரே பொய்யோ என்று அவர் சொன்னார். மெழுகு பொய் சொல்லாது என்று அவரே அப்புறம் சொன்னார்.

"மச்சான், அங்கன ஒரிஜினல் பேட்டரி என்ன வெல?"

"பதினெட்டு ரியால். மூணாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுவது ஆவும்."

"வரும்போது ஒண்ணு கொண்டாங்க. எடை பாத்து வாங்குங்க. கணக்குல ஏத்திக்கிடுங்க."

"கணக்கு எதுக்கு மாப்ள?"

"ஏத்திக்கிடுங்கன்னு சொல்லுதேம்லா. உங்க தங்கச்சி கையில மட்டும் குடுத்துராதிய, பீரோவுல வச்சிருவா." உள்ளேயிருந்து இசக்கி ஏதோ சத்தம் போட்டாள். போனை அவளிடம் கொடுத்தார். அடுப்பில் வேலை இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை.

இதுவரை அவர் கட்டியது ஆறாயிரத்து முந்நூறு. புதுப் பேட்டரியையும் சேர்த்து இன்றைய தேதிக்குப் பேச்சிமுத்து எனக்குத் தர வேண்டிய பாக்கி: ஒன்பதாயிரத்து நூறு ரூபாய்.